கோட்டு போட்டாகிவிட்டது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வாசகர் கேள்வி, வழக்கறிஞர்கள் பதில்

பார் கவுன்சிலில் பதிவு செய்து ஐந்து வருடத்துக்குள் இருக்கும் இளம் வழக்கறிஞர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: விழுப்புரத்தில் ஒரு சிவில் சீனியரிடம் ஒன்றரை வருடமாக ஜூனியராக இருக்கிறேன். தினமும் நாலைந்து கோர்ட்டில் வாய்தா வாங்குவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. கூடப் படித்தவர்கள் சென்னை ஹைகோர்ட்டில் இருக்கிறார்கள். நானும் போய்விடலாமா?

போகலாம். ஆனால் இப்போது வேண்டாம். இன்னும் ஒன்றரை வருடமாவது கீழ்க் கோர்ட்டில் இருந்துவிட்டுப் போங்கள்.

காரணம் இதுதான். ஹைகோர்ட்டில் நடக்கும் அப்பீலும் சீராய்வு மனுவும் கீழே உருவான வழக்குக் கட்டை வைத்துத்தான் நடக்கின்றன. பிராதில் என்ன சொன்னார்கள், எந்த ஆவணத்தை யார் மூலம் சான்றாவணமாகக் குறியீடு செய்தார்கள், குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வி விட்டுப்போனது என்பதெல்லாம் முன்சீப் கோர்ட்டிலேயே முடிவாகிவிடும். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஓர் அப்பீல் கட்டைப் புரட்டினால் ஓட்டை எங்கே என்று தெரியும். பார்க்காதவர் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடுவார். ரிட் மனுவும் குற்றவியல் அசல் மனுவும் பிரமாண வாக்குமூலத்தின் பேரில் நடப்பவை. அங்கே போய்ச் சேர்ந்தால் சாட்சிக் கூண்டைப் பார்க்காமலே பத்து வருடம் ஓடிவிடும். சென்னையில் 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சிவில் வழக்குகள் ஹைகோர்ட்டின் அசல் பிரிவில் நேரடியாக நடக்கின்றன. மாஸ்டர் என்ற நீதிமன்ற அலுவலர் முன் அவற்றின் சாட்சியம் பதிவாகும். அப்படி ஓர் ஆபீஸில் இடம் கிடைத்தால் மட்டும் எங்கள் பதில் வேறு.

வாய்தா வாங்குவதையும் இழிவாக நினைக்காதீர்கள். எதற்காக வாய்தா என்று தெரியாமல் வாங்குவதுதான் வீண். இன்று உங்கள் டைரியில் உள்ள ஐந்து வழக்கின் கட்டையும் நேற்று இரவே பிரித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும்: என்ன வழக்கு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இன்று நம் தரப்பு செய்ய வேண்டியது என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும். எதிருரைக்காக, அதாவது பிராதுக்கான பதிலுக்காக, நிற்கும் வழக்கானால் சம்மன் கையில் சேர்ந்த தேதியை எழுதி, அதைத் தாக்கல் செய்யும் கெடுவான 30 நாளையும் 90 நாளையும் கணக்குப் போடுங்கள். சாதாரண உரிமையியல் வழக்கில் 90 நாள் தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்க இடமுண்டு. வணிக வழக்கில் 120-ஆம் நாளோடு எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தகராறுகூட வணிக வழக்காக இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் "டைம் கேட்டு" வந்த ஜூனியரால் கட்சிக்காரர் வழக்கையே இழந்துவிடலாம்.

அடுத்து, சீனியரிடம் போய் "வேலை கொடுங்கள் சார்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். "வியாழக்கிழமை வரும் இடைக்கால மனுவுக்கு எதிருரை வரைவு நான் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். முதல் வரைவைச் சிவப்பு மையால் அடித்துத் தருவார். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

குறுக்கு விசாரணை நடக்கும் நாளில் வேறு கோர்ட்டில் வாய்தா இல்லையென்றால் அங்கேயே உட்காருங்கள். சாட்சியின் முதல் விசாரணை நிரூபண வாக்குமூலமாக முன்கூட்டியே தாக்கலாகியிருக்கும். அதை ஒரு பக்கமும் நம் எதிருரையை மறு பக்கமும் வைத்து, ஒவ்வொரு பத்திக்கும் நம் தரப்பு பதில் என்ன, அதற்கு எந்தச் சான்றாவணம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு கவனியுங்கள். சாட்சியத்தில் "தாவா சொத்து என் தந்தைக்குப் பாத்தியமானதல்ல என்றால் சரியல்ல" என்ற பாணியில் வரிசையாக வாக்கியங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாட்சி மறுப்பார் என்று தெரிந்தே வைக்கும் கேள்விகள் அவை. நம் தரப்பு வாதத்தை எதிர்த்தரப்பு சாட்சியிடம் வைக்காமல் விட்டால், அவர் சொன்னதை நாம் மறுக்கவில்லை என்று வாதாட எதிராளிக்கு வழி கிடைத்துவிடும். எதிருரையில் இல்லாத ஒன்றைக் குறுக்கு விசாரணையில் திடீரென்று கேட்டாலும் பயனில்லை. பத்து சாட்சியத்தை இப்படிக் கவனித்தால் பதினோராவதை நீங்களே நடத்தும் துணிவு வரும்.

இன்னொன்று, ஜூனியர்களிடம் அதிகம் நடக்கும் தவறு. தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். மாவட்ட அளவிலான அப்பீலுக்கு 30 நாள், ஹைகோர்ட் அப்பீலுக்கு 90 நாள். நகல் தயாராக ஆகும் காலம் கணக்கில் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதுவரை கழியும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். நகலில் உள்ள முத்திரையில் மனுப் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் என்று வரிசையாக இருக்கும். தயாரான நாளோடு கழிவு நின்றுவிடும். நீங்கள் பத்து நாள் கழித்துப் போய் வாங்கினால் அந்தப் பத்து நாள் உங்கள் தலையில்தான். கட்டணம் கேட்ட பிறகு கட்டாமல் விட்ட நாளும் அப்படியே. காலக்கெடு முடிந்தபின் போட்ட நகல் மனுவால் ஒரு நாள்கூட மிச்சமாகாது.

இப்படி ஆறு மாதம் நீங்களாகக் கேட்டும் ஒரு வரைவுகூட உங்கள் கைக்கு வரவில்லை என்றால், அப்போது மாற்ற வேண்டியது சீனியரை. கோர்ட்டை அல்ல.

கேள்வி: மதுரைக்காரன் நான், வயது 24. சிவில் நீதிபதி தேர்வுதான் என் லட்சியம். மூன்று வருடப் பிராக்டிஸ் கட்டாயம் என்று ஆகிவிட்டதே, அந்த மூன்று வருடமும் கோச்சிங் சென்டரில் படித்துக்கொண்டு பெயருக்கு ஒரு ஆபீஸில் இருந்தால் போதாதா?

போதாது. முதலில் விதியைச் சொல்கிறோம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி (இளநிலை) பதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல. 10 வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தந்து, அதில் அந்த மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணிபுரிந்த காலமும் சேரும். தேர்வு அறிவிக்கை வெளியானதும் பாடத்திட்டத்தைத் தேடுமுன் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

கோர்ட்டுக்கே வராதவருக்கு மாவட்ட நீதிபதியிடம் மேலொப்பம் வாங்குவது எளிதாக இருக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஆதாரம் சேருங்கள். உங்கள் பெயர் இருக்கும் வக்காலத்தின் நகல், உங்கள் வருகை பதிவான உத்தரவுகள், வழக்கு எண்களோடு கூடிய வருடவாரி டைரி இவை போதும். சீனியர் பெயரில் மட்டும் வக்காலத்து போகும் ஆபீஸ் என்றால், உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

படிப்பைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் மூன்று சட்டத் தாள்களோடு மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் உண்டு. சாட்சியம், தீர்ப்பு, ஆவணம் ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். இந்தத் தாளுக்குக் கோச்சிங் சென்டரைவிடக் கோர்ட் நல்ல பள்ளிக்கூடம். பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் சொத்து விவரத்தை எடுத்து, "மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட" என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். வாரம் இரண்டு சாட்சியம், ஒரு தீர்ப்பின் இரண்டு பக்கம் என்று ஒரு வருடம் செய்தால் அந்தத் தாளைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. எழுவினா, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை, வகுத்துத் தீர்ப்பு எழுதுவதும் அப்படித்தான். நடந்து முடிந்த வழக்கின் கட்டை வாங்கி, தீர்ப்பைப் பார்க்காமல் நீங்களே எழுவினாக்களை எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலையில் கோர்ட், மாலை இரண்டு மணி நேரம் படிப்பு. மூன்று முயற்சிக்கு மேல் இதற்காகவே பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 7 வருட வழக்கறிஞர் அனுபவத்தோடு மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு என்ற இன்னொரு வாசலை அரசியலமைப்பின் 233-ஆவது பிரிவு திறந்தே வைத்திருக்கிறது. பிராக்டிஸைத் தொடர்பவருக்குத்தான் அது உதவும்.

கேள்வி: சேலத்தில் குற்றவியல் பக்கம் போக ஆசை. வீட்டில் "கிரிமினல் வக்கீல்" என்றாலே முகம் சுளிக்கிறார்கள். இதில் நிலையான வழி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இரண்டு வழிகளைச் சொல்கிறோம்.

ஒன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் கொண்டுவந்த சட்ட உதவி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமைப்பு. வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக மாவட்ட அளவில் முழு நேரமாக வாதாடும் அலுவலகம் இது. உதவி வழக்கறிஞர் இடத்துக்கு 3 வருடம் வரை அனுபவமுள்ள புதியவர்களையே எடுக்கிறார்கள். துணை நிலைக்கு 7 வருடம், தலைமை நிலைக்கு 10 வருடம் குற்றவியல் அனுபவம் வேண்டும். மாதச் சம்பளம் உண்டு, ஆனால் ஒப்பந்த அடிப்படை. தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. ரிமாண்டிலிருந்து தீர்ப்பு வரை ஒரு வழக்கை முழுதாக நடத்தும் வாய்ப்பு இரண்டே வருடத்தில் கிடைப்பதுதான் இதன் பெரிய லாபம். தனியார் ஆபீஸில் அது கிடைக்க வெகுகாலம் ஆகும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டாவது, டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி அரசு வழக்கறிஞர் பதவி. இதற்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 வருட நடைமுறை அனுபவம் கேட்பார்கள். இது நிரந்தர அரசு வேலை.

எந்த வழியில் போனாலும் சில அடிப்படைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம், அதற்குப் பின் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா. இன்னும் பல வருடங்களுக்கு இரண்டு நூலும் உங்கள் பையில் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் கட்டாய ஜாமீனுக்கு 60 நாளா 90 நாளா என்று பிரிவைப் பார்த்து முடிவு செய்து, ரிமாண்ட் செய்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். காலம் முடிந்த மறுநாள் காலை மனு தாக்கலாகியிருக்க வேண்டும். மதியம் என்று விட்டால் அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிடும், உரிமை போய்விடும்.

சாட்சி போலீஸிடம் ஒன்று சொல்லி, கோர்ட்டில் வேறு சொன்னால் அதைச் சாட்சியிடம் சுட்டிக்காட்டுவதோடு பல ஜூனியர்கள் நிறுத்திவிடுகிறார்கள். சாட்சி "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுத்துவிட்டால், விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அந்த வாக்குமூலப் பகுதியைக் காட்டி, சாட்சி அப்படித்தான் சொன்னார் என்று அவர் வாயால் வரவைக்க வேண்டும். அது பதிவாகாத முரண்பாட்டை இறுதி வாதத்தில் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் நீதிபதி எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் சாட்சிக்கும் விசாரணை அதிகாரிக்கும் இடையே ஒரு வருடம்கூட ஓடிவிடும். அதனால் முரண்பாடுகளைத் தனித் தாளில் எழுதி, கட்டின் முதல் பக்கத்திலேயே கோத்து வையுங்கள்.

வீட்டாரிடம் ஒன்று சொல்லுங்கள். வக்கீல் இல்லாமல் ஒருவரும் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் அரசே சம்பளம் கொடுத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞரை வைத்திருக்கிறது. மதிப்பான வேலை இது.

கேள்வி: சென்னையில் இரண்டு வருடப் பிராக்டிஸ். ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. வீட்டுக் கடன் இருக்கிறது. சேர்ந்தால் பிறகு கோர்ட்டுக்குத் திரும்ப முடியுமா?

கடன் இருக்கும்போது சம்பளத்துக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. குற்ற உணர்ச்சி இல்லாமல் சேருங்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து சேருங்கள். பார் கவுன்சில் விதி 49-இன்படி முழு நேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. வேலையில் சேர்ந்ததும் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். திரும்பும்போது விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் சம்பளமும் வாங்கி வக்காலத்தும் போட்டால், பின்னாளில் நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அது வெளியே வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

வேலையில் இருக்கும் வருடங்கள் பிராக்டிஸ் கணக்கில் சேராது. மாவட்ட நீதிபதி, அரசு வழக்கறிஞர் பதவிகளில் கண் இருந்தால் இதை யோசியுங்கள்.

இடைவழி ஒன்றும் உண்டு. வழக்காடும் பிரிவு உள்ள சட்ட நிறுவனங்களில் மாதக் கட்டணத்துக்கு ஒப்பந்த வழக்கறிஞராக இருக்கலாம். கடிதத்தில் "ஊழியர்", "சம்பளம்", "வருங்கால வைப்பு நிதி" என்று இருக்கிறதா, "தொழில் கட்டணம்" என்று இருக்கிறதா பாருங்கள். பின்னதாக இருந்தால் நீங்கள் கோர்ட்டில் நிற்கலாம், பிராக்டிஸும் தொடரும். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் வழக்காடும் ஆசை உள்ளவருக்கு அதையே சொல்வோம்.

ஜூனியருக்கே முறையாக ஊதியம் வேண்டும் என்று கேட்கவும் இடமிருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா ஆபீஸிலும் இது நடைமுறைக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாகச் சேரும்போது இந்தத் தொகையை வைத்துப் பேச்சைத் தொடங்குவது நியாயம்.

கேள்வி: கோவையில் நாலு வருடம் ஆகிவிட்டது. தனியாக ஆபீஸ் போட நினைக்கிறேன். சீனியரோடு மனக்கசப்பு வராமல் எப்படி வெளியே வருவது?

மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். மற்றவர் வாயிலிருந்து அவர் கேள்விப்படக் கூடாது. உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு வழக்குக்கும் அடுத்த வாய்தா, நிலுவை வேலை, அசல் ஆவணம் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சீனியரின் கட்சிக்காரரை உங்கள் பக்கம் அழைக்காதீர்கள். அவராகவே உங்களைத் தேடி வந்தால், பழைய வழக்கறிஞரின் சம்மதம் இல்லாமல் வக்காலத்து போடக் கூடாது என்பது விதி. சம்மதம் எழுத்தில் வாங்குங்கள், மறுத்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள். கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. நாளை உங்களுக்கும் அதே விதிதான்.

ஆபீஸ் போடக் கையில் எட்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். முதல் வருடம் தனி அறை வேண்டாம். நண்பர் ஒருவரோடு அறையையும் குமாஸ்தாவையும் பகிர்ந்துகொள்ளுங்கள். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து முதலிலேயே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுவது விதிமீறல். கோர்ட் கட்டணத்துக்குத் தரும் பணத்தை உங்கள் செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள், தனி நோட்டில் வரவு வையுங்கள்.

ஆரம்பத்தில் காசோலை வழக்குகள் அதிகம் வரும். வங்கி திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்தபின் 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்று தேதியையும் கட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: டெல்லி போய் உச்ச நீதிமன்ற வழக்கறிஞராக ஆக எவ்வளவு காலம் ஆகும்?

அங்கே மனுவைத் தன் பெயரில் தாக்கல் செய்யும் "அட்வகேட் ஆன் ரெக்கார்டு" ஆக வேண்டுமானால் 4 வருடப் பிராக்டிஸ் முடிந்தபின், அந்தத் தகுதியில் 10 வருடம் இருக்கும் ஒருவரிடம் 1 வருடப் பயிற்சி, பிறகு நாலு தாள் தேர்வு. தாளுக்கு 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தேறியபின் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் ஆபீஸும் பதிவு செய்த குமாஸ்தாவும் தேவை. வாதாடுவதற்கு மட்டும் என்றால் இந்தத் தேர்வு வேண்டியதில்லை. ஆனால் வழக்கு அங்கிருந்து தானாக வராது, இங்கிருந்துதான் போக வேண்டும். தமிழில் உள்ள சாட்சியத்தையும் பத்திரத்தையும் படித்து, எதிலே வழக்கு நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவரைத் தேடி ஊர் வக்கீல்கள் கட்டு அனுப்புவார்கள். நாலு வருடம் உங்கள் மாவட்டத்தில் இருந்து அவர்களோடு பழகிவிட்டுக் கிளம்புங்கள்.